வண்டு எந்தச் சக்கரத்தில்? முன் சக்கரச் சத்தத்தைத் தேடிய கதை

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். சிங்கப்பூரின் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு மத்திய விரைவுச்சாலையில் ஈசூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பூச்சரத்தையும் வாழையிலைக் கட்டையும் மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "முன்னாடி வண்டு மாதிரி ஏதோ ரீங்காரம் போட்டுக்கிட்டே வருதே, உனக்குக் கேக்கலையாப்பா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஒரு மாதமாக. அதற்காகத்தான் ஒலி 96.8 வானொலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன்.

வண்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 2014இல் பதிவான ஜப்பானிய செடான். என்ஜின் விசை முன் சக்கரங்களுக்குப் போகும். டயர் அளவு 195/65 ஆர்15. பத்து வருடம் முடிந்ததும் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன். ஐந்து வருடப் புதுப்பிப்பு எடுத்தால் அதற்கு மேல் நீட்டிக்க முடியாது; 2029இல் வண்டி போய்த்தான் ஆக வேண்டும். பத்து வயது தாண்டியதால் சோதனை நிலையத்துக்கும் இனி ஆண்டுதோறும் போக வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்குச் செலவழிக்கும்போது கை கொஞ்சம் இழுக்கும். பாதுகாப்புக்கான செலவைத் தள்ளிப்போட மனம் வராது, தேவையில்லாத சாமானுக்குக் கொடுக்கவும் மனம் வராது.

முதலில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அங்கிள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரு சுற்று ஓட்டினார். "பேரிங் லா. போத் சைட் சேஞ்ச். ஷாக் ஆல்ஸோ டயர்ட்." ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கொடுத்தார், 1,100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொஞ்சம் மேல். அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து வருட வண்டி, வேகம் ஏற ஏற உறுமுகிறது என்றால் பேரிங், அதாவது சக்கரம் சுழலத் தாங்கும் குண்டு வளையம், என்று சொல்வது நியாயமான யூகம்தான். ஆனால் அவர் வண்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாளை மடித்து டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மனைவியின் தம்பி துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். பம்பு, மோட்டார், அவற்றின் பேரிங் எல்லாம் அவருக்கு அன்றாடப் பாடு. போனில் விஷயத்தைச் சொன்னேன். எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று நான் அடுக்கிக்கொண்டே போக, நடுவில் நிறுத்தினார்.

"எப்போ வருதுங்குறது இருக்கட்டும் மாமா. எப்போ வரலை? அதைச் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதமாகச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், சத்தம் இல்லாத இடத்தை ஒருநாளும் கவனிக்கவில்லை. அடுத்த பத்து நாள் அதற்காகவே ஓட்டினேன். ரேடியோவை அணைத்தாயிற்று. குளிர்சாதன விசிறியையும் குறைத்து, கதவுப் பையில் கிடந்த சில்லறை, பின்னால் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்தேன். இதைச் செய்யாமல் சத்தம் தேடப் போகிறவர்கள் முதல் இரண்டு நாளைச் சில்லறைக்கே செலவழிப்பார்கள்.

எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடி கார்பார்க் இதற்கு நல்ல இடம். கூரை தாழ்வு, பக்கத்தில் சுவர், வேகமோ நடை வேகம். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுவரோரமாகப் போனால், வெளியில் காற்றோடு போய்விடுகிற சக்கரச் சத்தம் சுவரில் மோதி நேரே காதுக்கு வரும். ஒரு தடவை இடப்பக்கம் சுவர் இருக்கும்படி, அடுத்த தடவை வலப்பக்கம் இருக்கும்படி. இரவு பதினொன்றுக்கு மேல் இதே வேலையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஏழாவது மாடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மூன்றாவது சுற்றில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இரண்டாம் நாளே ஒன்று புரிந்தது. என் காதில் ஒரே புகாராகக் கலந்திருந்தது இரண்டு சத்தம். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வரும் 'ஊ…ம்' ஒன்று. மெதுவாகப் போகையில் வரும் 'டக டக' ஒன்று. இரண்டும் முன்னாலிருந்து வந்ததால் ஒரே வியாதி என்று நினைத்திருந்தேன். பட்டறைக்காரரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் பேரிங்கையும் அதிர்வைத் தாங்கும் ஷாக்கையும் சேர்த்து எழுதியதில் என் பங்கும் இருக்கிறது.

ரீங்காரம்

நிறுத்தி வைத்து என்ஜினை முறுக்கினால் ரீங்காரம் இல்லை. ஓடும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் அது மாறவில்லை. வண்டி எந்த வேகத்தில் இருக்கிறதோ அந்த வேகத்துக்குத்தான் பாடியது. ஆக, சுழல்கிற சக்கரப் பக்கம்தான். பிரேக்கை லேசாகத் தொட்டாலும் மாற்றமில்லை. பிரேக் பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசினால் வருவது இதைவிட மெல்லிய கீச்சொலி, பிரேக் அழுத்தினால் அது நிற்கும் அல்லது மாறும். அதுவும் இல்லை.

அப்புறம் ஞாயிறு காலை ஆறரை மணி, சிலேத்தார் விரைவுச்சாலை. முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரே தடத்துக்குள் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்தேன். இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம், மறுபக்கத்துக்கும் அப்படியே. பேரிங் கெட்டிருந்தால் பெரும்பாலும் இந்தச் சோதனையில் ஒரு பக்கம் காட்டிக்கொடுக்கும். எனக்கு எந்தப் பக்கமும் காட்டவில்லை. இடம், வலம் இரண்டுக்கும் அதே 'ஊ…ம்'.

திரும்பி வரும்போது யோசிக்காமலே ஒன்று கிடைத்தது. புதிதாகத் தார் போட்டிருந்த ஒரு துண்டுச் சாலையில் ஏறியதும் ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. அந்தத் துண்டு முடிந்து பழைய தார் வந்ததும் மறுபடி முழுசாக வந்தது. இதைத்தான் மச்சான் கேட்டிருந்தார். பேரிங் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் மூடிக்கிடப்பது. கீழே போவது புதுத் தாரா பழைய தாரா என்று அதற்குத் தெரியாது. தெரிவது டயருக்கு.

நல்ல டயரும் சொரசொரப்பான தாரில் சத்தம் போடும் என்பதால் இதை வைத்தே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் 1,100 வெள்ளித் தாளைப் பற்றிய என் நினைப்பு அந்த இடத்தில்தான் மாறியது.

டக டக

இதில் முதல் கேள்வி: சத்தம் சுழல்கிற பொருளிலிருந்து வருகிறதா, மேலும் கீழும் ஆடுகிற பொருளிலிருந்து வருகிறதா? சுழல்கிறதென்றால் தாளம் தப்பாது; வேகத்தோடு சேர்ந்து வேகமாகும், மெதுவாகும். இது அப்படி இல்லை. வழவழப்பான தளத்தில் எத்தனை தூரம் உருண்டாலும் மௌனம். தளத்துண்டுகள் சேரும் இணைப்பில் ஏறினால் 'டக', சாக்கடை மூடி மேல் ஏறினால் 'டக டக'. திறந்த மேல்மாடியில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வட்டமடித்தும் பார்த்தேன். என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வெளிப்பக்கச் சிவி ஜாயின்ட் போயிருந்தால் அப்போது 'டிக் டிக் டிக்' என்று அடுக்கடுக்காக வரும், ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடும். வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழியவில்லை, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறிக்கவில்லை.

சரி, ஆடுகிற பொருள்தான். அதில் எது? பேட்டைக்குள் இருக்கும் ஹம்ப் (வேகத்தடை) ஒன்றில் இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகப் போனேன். பெரிய ஏற்றம், பெரிய இறக்கம், ஆனால் சத்தமே இல்லை. அதே வழியில் இருக்கும் சின்னஞ்சிறு சாக்கடை மூடியில் இடச் சக்கரம் மட்டும் ஏறினால் 'டக டக'. பெரியதில் வராதது சிறியதில் வருகிறது. எனக்கு இது புதிராக இருந்தது. மச்சானிடம் சொன்னதும், "லிங்க்கைப் பாருங்க" என்றார்.

அவர் விளக்கியது இது. முன்னால் இடது, வலது சக்கரங்களுக்கிடையே வளைந்த கம்பி ஒன்று ஓடுகிறது, ஸ்டெபிலைசர் பார். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாயாமல் பிடித்துக்கொள்வது இதுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அதற்கு வேலை இல்லை, தன் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொள்ளும். கம்பியின் நுனியை ஷாக்கோடு இணைப்பது ஒரு சாண் நீளத் தண்டு. அதன் பெயர் டிராப் லிங்க். இரண்டு நுனியிலும் சிறு குண்டு மூட்டு. அது தேய்ந்தால் ஒரு சக்கரம் மட்டும் ஏறுகிற இடங்களில் 'டக டக', இரண்டும் சேர்ந்து ஏறினால் மௌனம். ஷாக்கே போயிருந்தால் ஹம்ப்பிலும் சத்தம் வந்திருக்க வேண்டும், ஏறி இறங்கியபின் வண்டி ஊஞ்சல்போல ஆடியிருக்க வேண்டும்.

தூக்கிப் பார்த்த நாள்

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார்பார்க் பட்டறை இல்லை. அங்கே சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. சிராங்கூன் கார்டன்ஸில் பெரியப்பாவுக்கு ஒரு தரைவீடு இருக்கிறது, முன்னால் சமதளமான சிமென்ட் முற்றம். ஞாயிறு காலை மச்சானும் நானும் அங்கே போனோம். பெரியம்மா தோசைக்கு மாவு கரைத்துவைத்திருந்தார், ஆகவே வேலை பத்து மணிக்குத்தான் தொடங்கியது.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் திருப்பு தளர்த்திக்கொண்டோம். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கினோம். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை நம்பி அடியில் கையோ தலையோ விடக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்கப் போட்டார் மச்சான். ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் விழும். கப்பல் பட்டறையில் படிந்த பழக்கம் அது. என்னிடம் ஏன் என்றுகூட விளக்கவில்லை, செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கழற்றும் முன்பே மூன்று காரியம் செய்தோம். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு 12லும் 6லும் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டினோம். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட். அப்புறம் 3லும் 9லும். அதில் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கெட்டியாக இருந்தன. மூன்றாவது, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, இன்னொரு கையை ஷாக்கின் காயில் ஸ்பிரிங் மேல் வைப்பது. பேரிங்கில் குண்டு ஓடும் தடம் சொரசொரத்திருந்தால் அந்த அதிர்வு ஸ்பிரிங்கில் ஏறிவிடும். காதுக்குக் கேட்காதது விரலுக்குத் தெரியும். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் போனார், மறுபடி வலப்பக்கம் வந்தார். பேட் லேசாக உரசும் 'ஸ்ஸ்' தவிர ஒன்றுமில்லை. "இது பேரிங்னா நான் வேலையை விட்டுடறேன் மாமா" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் படுக்க வைத்ததும் விஷயம் கைக்கு வந்தது. கைக்குத்தான், கண்ணுக்கு இல்லை. வெளிப்பக்கம் பார்த்தால் டயரில் பூ, அதாவது பள்ளக் கோலம், நன்றாகவே இருந்தது. உள்பக்க விளிம்புதான் போயிருந்தது. வெளியோரத்தில் 4 மில்லிமீட்டர், உள்ளோரத்தில் 2. சட்டப்படி குறைந்தது 1.6 வேண்டும், அதன் வாசலில் நிற்கிறது. வண்டியில் மாட்டியிருக்கும்போது இந்த உள்விளிம்பைப் பார்க்க ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும், அதை நான் செய்ததே இல்லை.

அடுத்து, உள்ளங்கையை டயரின் குறுக்கே வைத்து ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தடவினேன். வழவழப்பு. அதே கையை எதிர்த் திசையில் தடவினால் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் ஓரமும் வாள் பல்போல விரலைப் பிடித்தது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதும் போல. இப்படி ஒருச்சாய்த்துத் தேய்ந்த கட்டைகள் ஒவ்வொன்றும் சாலையில் தட்டித் தட்டி எழும்போது, வேகத்தில் அந்தத் தட்டல்கள் சேர்ந்து ஒரே ரீங்காரமாகிவிடுகின்றன. காதுக்கு அது பேரிங்தான். இதில் ஏமாறுவது பெரிய குற்றமில்லை. மற்ற முன் சக்கரமும் அப்படியே. பக்கச்சுவரில் 3519 என்று இருந்தது. 2019ஆம் ஆண்டு 35ஆவது வாரம் செய்தது. ஐந்து வயது.

மச்சான் கேட்டார்: "எங்கயாவது இடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஜூன் மாதம் நினைவுக்கு வந்தது. கார்பார்க்கின் சுழல் பாதையில் இறங்கும்போது எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி, இடது முன் சக்கரத்தைக் கெர்ப்பில் (ஓரக் கல்லில்) நன்றாகவே மோதியிருந்தேன். ரிம்மில் கீறல் விழுந்ததைப் பார்த்து வருத்தப்பட்டதோடு சரி. அதற்குப் பிறகு நேர் சாலையில் ஸ்டியரிங் சக்கரம் ஒரு விரல்கடை வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. நான்கு மாதமாக அதைப் பிடித்து ஓட்டிப் பழகி, அதுதான் நேர் என்று கை நம்பிவிட்டது.

இடச் சக்கரத்தில் அடி, ஆனால் தேய்ந்தது இரண்டு டயரும். எனக்கு முதலில் பிடிபடாத இடம் இதுதான். ஒரு சக்கரத்தின் கோணம் கெட்டால், வண்டியை நேரே வைக்க நாம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கிறோம். அந்தக் கோணல் இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதியாகப் பங்காகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து பாடியதால்தான் விரைவுச்சாலையில் இடம் வலம் ஆட்டிப் பார்த்தும் எந்தப் பக்கமும் காட்டிக்கொடுக்கவில்லை.

நாங்கள் தவறிய இடம்

டிராப் லிங்க்கை அன்றே பார்த்தோம். இடப்பக்கம் தூக்கி வைத்திருந்தபோது லிங்க்கைப் பிடித்து ஆட்டினேன், கல்லாக இருந்தது. மச்சானும் ஆட்டினார், அசையவில்லை. "லிங்க் இல்ல போல மாமா, மேல ஷாக் மவுன்ட்டா இருக்கும்." நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மேலே ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளுகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தோம். துள்ளவில்லை. சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் தண்டின் ரப்பர் புஷ்ஷில் கடப்பாரையை லேசாக நெம்பிப் பார்த்தோம், வெடிப்பு இல்லை. வெயில் ஏறிவிட்டது. பெரியப்பா வாசலுக்கு வந்து, "பட்டறைக்கே குடுத்திருக்கலாமேப்பா" என்றார்.

மோர் குடிக்கும்போது மச்சான் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் அது தொங்கும், மற்றது தரையில் நிற்கும். ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும். மூட்டில் எவ்வளவு தேய்மானம் இருந்தாலும் அந்த இழுவையில் தெரியாது. கயிறு இழுபட்டிருக்கும்போது முடிச்சு தளர்ந்ததா என்று பார்ப்பதுபோல. இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

வண்டியைத் தரையில் இறக்கினோம். என்ஜின் அணைத்து, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியதும் சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைத்தது. நான் லிங்க்கின் மேல் மூட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டேன். மச்சான் கூரை ஓரத்தைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் உலுக்கினார். விரலுக்கடியில் 'டிக்'. மறுபடி உலுக்கினார், 'டிக்'. சாலையில் கேட்ட அத்தனை சத்தமும் ஒரு அரிசிமணி ஆட்டத்திலிருந்து வந்திருக்கிறது. வலப்பக்க மூட்டில் ஒன்றுமில்லை.

வண்டு இடம் மாறியது

ரீங்காரத்துக்குக் கடைசிச் சாட்சி வேண்டியிருந்தது. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும், அந்தந்தப் பக்கத்திலேயே மாற்றினோம். பேரிங் இடம் மாறாது, டயர் மாறும். சத்தம் யாரோடு போகிறது என்று பார்க்கலாம். நட்டுகளை நட்சத்திரமாக எதிரெதிரே மாற்றி மாற்றி இறுக்கினோம். கையேட்டில் இருந்த அளவு 103 நியூட்டன் மீட்டர், அதை டார்க் ரெஞ்சில் வைத்தே முடித்தோம். 50 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை சரிபார்த்தேன். சோதனைக்காக மட்டுமே இப்படி மாற்றலாம். தேய்ந்த டயரைப் பின்னால் வைத்து மழையில் ஓட்டினால் வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மழை மாதம் வேறு தொடங்கும் நேரம். இரண்டே நாள்தான் அப்படி வைத்திருந்தேன்.

வீடு திரும்பும் வழியிலேயே இன்னொரு புதுச் சத்தம். இடது முன்பக்கம் 'ஸ்ர்… ஸ்ர்… ஸ்ர்…'. காலையில் வண்டியில் இல்லாத சத்தம், நாங்களே செய்தது. கொஞ்சம் பயந்துதான் போனேன். ஆனால் இப்போது கேட்கத் தெரிந்திருந்தது. கார்பார்க்குக்குள் 10 கிலோமீட்டர் வேகத்தில் வைத்துக்கொண்டு, போனில் நேரம் பார்க்கச் சொல்லி மச்சானை எண்ணவைத்தேன். பத்து நொடிக்குப் பதினான்கு. இந்த டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 2 மீட்டர். 10 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர், அதாவது 1.4 சுற்று, பத்து நொடிக்கு 14. ஆக ஒரு சுற்றுக்கு ஒரு 'ஸ்ர்'. சக்கரத்தோடு சுழல்கிற ஏதோ ஒன்று, ஒரே இடத்தில் உரசுகிறது.

டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரக் கவசம் ஒன்று இருக்கும். டார்ச்சை அதன் மேல் சாய்த்து வைத்தது நான்தான், எழும்போது முழங்காலால் அழுத்தியதும் நான்தான். டிஸ்க் நூலிழை ஆடும் பக்கம் வரும்போது மட்டும் கவசத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. டிஸ்க் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்து, விரலால் ஒரு தள்ளு. சத்தம் போயிற்று. சாலையில் தெறிக்கும் பொடிக்கல் இந்தக் கவசத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டாலும் இதே வகைச் சத்தம் கேட்கும், இன்னும் கர்ணகடூரமாக. மழை இரவுக்கு அடுத்த காலை முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வரும் 'கர்ர்' வேறு. டிஸ்க்கில் ஒட்டிய மெல்லிய துரு அது, தானே போய்விடும்.

மறுநாள் மாலை அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டயர் மாற்றியதைச் சொல்லவில்லை. விரைவுச்சாலையில் ஏறி 70ஐத் தொட்டதும் எனக்கு முன்னால் அமைதி. பின் சீட்டிலிருந்து குரல் வந்தது: "முன்னாடி இருந்த வண்டு இப்ப என் பக்கத்துல வந்து உக்காந்துருச்சேப்பா."

எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

கணக்கு

அந்த வாரமே வேறொரு பட்டறையில் வேலையை முடித்தேன். இடப்பக்கம்தான் போயிருந்தது என்றாலும் டிராப் லிங்க்கை இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன். வயது ஒன்றுதான், விலையும் பெரிதில்லை. சக்கரக் கோணத்தை அளக்கும் அலைன்மென்ட் இயந்திரம் கொடுத்த தாளில் முன் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கமாக வெளியே விரிந்திருந்தது சிவப்பில் அச்சாகியிருந்தது, அதைச் சரிசெய்தார்கள். வாள் பல் விழுந்த இரண்டு டயரையும் கழித்துவிட்டு, புது ஜோடியைப் பின்னால் மாட்டி, நன்றாக இருந்த பழைய பின் ஜோடியை முன்னாலேயே விட்டார்கள். எல்லாம் சேர்த்து 500 வெள்ளிக்குள். அதில் பாதி டயருக்குப் போயிற்று, எப்படியும் வாங்க வேண்டிய டயர். அந்த 1,100 வெள்ளி வேலையைச் செய்திருந்தால் பேரிங் புதிதாகியிருக்கும், ஷாக் புதிதாகியிருக்கும், வண்டு அப்படியே இருந்திருக்கும்.

எல்லாச் சத்தத்தையும் வீட்டு முற்றத்தில் தேடலாம் என்று நான் சொல்லவில்லை. 12-6இல் ஆட்டம் தெரிந்தாலோ, பிரேக் அழுத்தினால் இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தம் கேட்டாலோ, சமீபத்தில் சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில் 'டொக் டொக்' என்று கனமாக வந்தாலோ, தேடுவதை விட்டுவிட்டு ஓரங்கட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு முதலில் நட்டுகளைப் பார்க்க வேண்டும்.

இப்போது மிச்சம் இருப்பது ஒன்று. கார்பார்க்கில் பின்னோக்கி எடுத்து, பிறகு முன்னோக்கிக் கிளம்பி முதல் பிரேக் அழுத்தும்போது ஒரே ஒரு 'டக்'. அடுத்த பிரேக்கில் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. மறுபடி ரிவர்ஸ் எடுத்தால்தான் வரும். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் பேட் அந்தத் திசைக்கும் இந்தத் திசைக்கும் ஒரு மயிரிழை நகர்ந்து உட்காருகிற சத்தம் அது. கிளிப் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். அடுத்த தடவை பேட் மாற்றும்போது புதுக் கிளிப் போடச் சொல்லி, டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த பழைய விலைத்தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.